தபோவனம் ஏறுமுன்: ஒரு வாசகிக்கு மருத்துவரின் பதில்

கேள்வி: ஐயா, எனக்கு 46 வயது. பெங்களூரு அல்சூரில் வசிக்கும் பள்ளி ஆசிரியை நான். வரும் செப்டம்பர் கடைசி வாரத்தில், கல்லூரியில் படிக்கும் என் மகனுடன், கங்கோத்ரியிலிருந்து, பனியாற்றின் முகப்பில் கங்கை பிறக்கும் கோமுகம் வழியாக, அதற்கு மேலேயுள்ள தபோவனம் என்ற இமயமலைப் புல்வெளி வரை வழிகாட்டியுடன் செல்லும் எட்டு நாள் பயணத்துக்குப் பணம் கட்டியிருக்கிறேன். முதல் நாள் டேராடூனில் இறங்கி உத்தரகாசி, இரண்டாம் நாள் கங்கோத்ரி, மூன்றாம் நாள் போஜ்பாசா, நான்காம் நாள் தபோவனம் என்று நிரல் கொடுத்திருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். தினமும் ஏரிக்கரையில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன். இது போதுமா? உயரத்தில் வரும் மலைநோயைத் தடுக்க டயாமாக்ஸ் மாத்திரை எடுத்துக்கொள்ளலாமா? மருத்துவச் சான்றிதழ் கேட்கிறார்கள். தெரிந்த மருத்துவரிடம் வாங்கிக் கொடுத்துவிடலாமா? மறைந்த என் தந்தைக்குக் கங்கோத்ரித் தண்ணீரைக் கொண்டுவந்து இராமேசுவரத்தில் சேர்க்க வேண்டும் என்று ஆசை. அதற்காகத்தான் இந்தப் பயணம். குழுவில் எல்லாரும் என்னைவிட இளையவர்கள், அவர்களுக்குப் பாரமாகிவிடுவேனோ என்ற கூச்சம் மட்டும் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுகிறேன். ஆனால் கேள்வியாகக் கேட்காமல் கடைசி வரியில் நீங்கள் சொல்லிவிட்டுப் போயிருக்கும் அந்தக் கூச்சம்தான், உங்கள் இரத்த அழுத்தத்தைவிடவும் வயதைவிடவும் எனக்குக் கவலை தருகிறது. அதை விரிவாகப் பேச வேண்டும். அதற்கு முன்பு, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் பயண நிரலில் நாட்கள் போதாது.

உத்தரகாசி ஏறக்குறைய 1,150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கங்கோத்ரி 3,100 மீட்டர் அளவில், போஜ்பாசா 3,800 மீட்டர் அளவில், தபோவனம் 4,450 மீட்டர் அளவில் இருக்கின்றன. அதாவது இரண்டாம் நாள் காரில் உட்கார்ந்தபடியே ஏறத்தாழ 1,950 மீட்டர் ஏறிவிட்டு, அடுத்த நாள் 700 மீட்டரும் அதற்கடுத்த நாள் 650 மீட்டரும் ஏறி உறங்கப் போகிறீர்கள். 3,000 மீட்டருக்கு மேல் போனபின் இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓரிடத்திலேயே ஓய்வாகத் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் விதி. பகலில் எவ்வளவு உயரம் தொட்டு வருகிறோம் என்பதைவிட, இரவில் எந்த உயரத்தில் தலைசாய்க்கிறோம் என்பதுதான் இங்கே கணக்கு. அந்தப் பாதையில் தங்குமிடங்கள் 500 மீட்டர் இடைவெளியில் அமையாததால், ஒரே இடத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்கித்தான் அந்தக் குறையை ஈடுசெய்ய முடியும்.

எனவே நிறுவனத்தாரிடம் பேசி, உத்தரகாசிக்கும் கங்கோத்ரிக்கும் நடுவில் 2,600 மீட்டர் அளவில் இருக்கும் ஹர்சிலில் ஓர் இரவும், கங்கோத்ரியில் இரண்டு இரவுகளும், போஜ்பாசாவில் இரண்டு இரவுகளும் இருக்கும்படி நிரலை மாற்றித் தரச் சொல்லுங்கள். எட்டு நாள் பதினொன்றாகும். பள்ளியில் கூடுதலாக மூன்று நாள் விடுப்பு கேட்பது எளிதன்று என்பது எனக்குத் தெரியும். குழுவாகச் செல்வதால் மாற்ற முடியாது என்று அவர்கள் சொன்னால், நீங்களும் மகனும் மூன்று நாள் முன்னதாகவே புறப்பட்டு, ஹர்சிலிலும் கங்கோத்ரியிலும் தங்கியிருந்து, குழு வந்து சேரும்போது இணைந்துகொள்ளுங்கள். அதுவும் முடியாது என்றால், இந்த ஆண்டு போஜ்பாசா வரை போய், அங்கிருந்து பகலில் கோமுகம் பார்த்துத் திரும்புவது என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். செப்டம்பர் கடைசி வாரம் என்ற உங்கள் தேர்வு நல்லது. 2025 ஆகஸ்ட் 5 அன்று ஹர்சிலுக்கு அருகே தராலி ஊரைக் கீர் கங்கை ஓடையின் வெள்ளமும் சேறும் மூடிய காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள்; கங்கோத்ரி செல்லும் சாலை அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. மழைக்காலத்தில் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. செப்டம்பர் இறுதியிலும்கூடச் சாலை அடைபடும் நாட்கள் உண்டு என்பதால், திரும்பும் விமானச் சீட்டை ஒரு நாள் தள்ளியே எடுங்கள்.

இத்தனை நாட்கள் எதற்கு என்று உங்கள் மகன் கேட்கக்கூடும். தபோவனத்தில் மூச்சுக்கு மூச்சு நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய அறுபது விழுக்காடுதான். அந்தக் குறைவைச் சமாளிக்க உடல் முதலில் மூச்சை வேகப்படுத்துகிறது. வேகமாக மூச்சு விடும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறி இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அதைச் சரிசெய்யச் சிறுநீரகங்கள் பைகார்பனேட்டை வெளியேற்றத் தொடங்குகின்றன. இந்த வேலை முடிய நாட்கள் பிடிக்கும், அதைப் பயிற்சியால் விரைவுபடுத்த முடியாது. ஆகவே உடற்கட்டு உள்ளவருக்கு மலைநோய் வராது என்பது முற்றிலும் தவறான நம்பிக்கை. கால்பந்து ஆடுகிற இளைஞனும் எழுபது வயதுப் பெரியவரும் இதில் ஒன்றுதான்; சொல்லப்போனால் இளைஞர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களே அதிகம் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். உங்களைப் பற்றி மட்டுமே எழுதியிருக்கிறீர்கள். மகனுக்கும் இந்தப் பதிலைப் படிக்கக் கொடுங்கள்.

இனி சான்றிதழ். தெரிந்த மருத்துவரிடம் கையொப்பம் வாங்கிக் கொடுத்துவிடும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்களுக்கு மூன்று ஆண்டுகளாகச் சிகிச்சை அளிப்பவரிடமே போய், எங்கே எந்த உயரத்துக்குப் போகிறீர்கள் என்பதைச் சொல்லி, இசிஜி, தேவையென அவர் கருதினால் டிரெட்மில் சோதனை, இரத்தச் சர்க்கரை, கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம், ஹீமோகுளோபின் ஆகியவற்றைப் பாருங்கள். ஹீமோகுளோபினை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. உங்கள் வயதில் மாதவிடாய்ப் போக்கு அதிகமாவதும் இயல்பு. ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் இரும்புச்சத்து மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். புறப்படுவதற்கு முந்தைய வாரம் தெரிந்துகொள்வதில் பயனில்லை. இந்த வாரமே பரிசோதனைக்குப் போய்விடுங்கள்.

உயரத்துக்குப் போன முதல் சில நாட்களில் இரத்த அழுத்தம் சற்றுக் கூடுவது பலருக்கும் நேரும். அழுத்தம் கட்டுக்குள் இருக்கும் ஒருவர் அதற்காகப் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை, மாத்திரையையும் நிறுத்தக்கூடாது. உங்கள் மாத்திரையில் இருக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு சிறுநீரைப் பெருக்கும் மருந்து. டயாமாக்ஸ் என்று நீங்கள் குறிப்பிடும் அசிட்டசோலமைடும் அவ்வாறே. இரண்டும் சேர்ந்தால் உடலில் நீரும் பொட்டாசியமும் குறையலாம். ஆகவே அந்தச் சில நாட்களுக்கு மட்டும் உங்கள் மாத்திரையை மாற்ற வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மாற்றுவதாக இருந்தால் ஆகஸ்டிலேயே மாற்றி, புது மாத்திரையில் அழுத்தம் நிலைப்பதைப் பார்த்துவிட வேண்டும். இன்னொன்று: மலையில் தலைவலி வந்தால் கையில் கிடைக்கும் ஐபுபுரூபன், டைக்ளோபினாக் போன்றவற்றை விழுங்கிவிடாதீர்கள். உடலில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் டெல்மிசார்டனோடு சிறுநீர்ப்பெருக்கி மருந்தும் இந்த வலிநிவாரணிகளும் சேர்ந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். உங்களுக்குப் பாராசிட்டமால் போதும்.

டயாமாக்ஸ் எடுத்துக்கொள்ளலாமா என்றால், நிரல் மாறாவிட்டால் எடுத்துக்கொள்வதே நல்லது. மாறினாலும் உங்கள் மருத்துவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளலாம் என்பேன். வழக்கமான தடுப்பளவு காலையும் மாலையும் 125 மில்லிகிராம்; ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாள் ஆரம்பித்து, மிக உயரமான தங்குமிடத்தில் இரண்டு நாள் ஆகும்வரை அல்லது இறங்கத் தொடங்கும்வரை தொடர வேண்டும். சல்பா மருந்துகளால் உங்களுக்கு எப்போதேனும் கடுமையான ஒவ்வாமை வந்ததுண்டா என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று பெங்களூரிலேயே ஓரிரு நாள் எடுத்துப் பார்த்துவிடலாம். விரல் நுனிகளில் ஊசி குத்துவதுபோல் மதமதப்பு, அடிக்கடி சிறுநீர், சோடா பானம் குடித்தால் ஒருவிதச் சுவைக்கேடு ஆகியவை வரும். அவை அச்சப்பட வேண்டியவை அல்ல. உடல் உயரத்துக்குப் பழகுவதை இந்த மருந்து விரைவுபடுத்துகிறது; அறிகுறிகளை மூடி மறைப்பதில்லை. ஆனால் மாத்திரை எடுத்துவிட்டோம் என்ற துணிவில் கூடுதல் நாட்களைக் கைவிடுவது சரியான கணக்கல்ல.

ஏரிக்கரை நடை நல்ல அடித்தளம், ஆனால் அது சமதளம். தபோவனப் பாதை உங்கள் தொடைகளையும் முழங்கால்களையும், அதிலும் இறங்கும்போது, கடுமையாகச் சோதிக்கும். இன்னும் ஏறக்குறைய மூன்று மாதங்கள் இருக்கின்றன. வாரத்தில் மூன்று நாள் உங்கள் குடியிருப்பின் மாடிப்படிகளில் முதுகுப்பையோடு ஏறி இறங்குங்கள். பையில் தண்ணீர்ப் புட்டிகளை வைத்து, மூன்று கிலோவில் தொடங்கி எட்டுக்குக் கொண்டு போங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நந்தி மலைக்கு வண்டியில் ஏறாமல் சுல்தான்பேட்டைப் பக்கத்துப் படிக்கட்டு வழியாக ஏறுங்கள். பிறகு வழித்துணையோடு சாவனதுர்கா மலையின் வழுக்குப் பாறையில் ஏறுங்கள். ஆகஸ்ட் முடிவதற்குள், அடுத்தடுத்த இரண்டு நாட்கள் ஆறு மணி நேரம் வீதம் நடந்து பாருங்கள். முதல் நாள் களைப்போடு இரண்டாம் நாள் காலையில் எழுந்து காலணியை மாட்ட முடிகிறதா என்பதுதான் பல நாள் நடையின் உண்மையான தேர்வு. ஏறும்போது மூச்சிரைக்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே உங்கள் வேகம். மலையிலும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

காலணியை இப்போதே வாங்கி, இந்தப் பயிற்சி முழுவதையும் அதை அணிந்தே செய்யுங்கள். கணுக்காலை மூடும் உயரமும், இறங்கும்போது விரல்நுனி இடிக்காத இடமும் வேண்டும். உடைகளைப் பற்றி நிறுவனம் தரும் பட்டியல் பொதுவாகச் சரியாகவே இருக்கும், அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். இரவில் தபோவனத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே போகும் என்பதால், அவர்கள் தரும் உறக்கப்பை எத்தனை டிகிரி குளிருக்கு ஏற்றது என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடியில் சிக்கனம் வேண்டாம். உயரம் கூடக்கூடப் புற ஊதாக்கதிர் கூடுகிறது, புதுப்பனி அதைப் பெரும்பகுதி திருப்பி அனுப்புகிறது. பக்கவாட்டையும் மறைக்கும் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் இருந்தால்கூட இரவில் கண்ணைத் திறக்க முடியாமல் போகலாம். உயரத்தில் பசி குறையும், அங்கே கிடைக்கும் ராஜ்மாவும் ரொட்டியும் மூன்றாம் நாள் தொண்டையில் இறங்காது. பருப்புப்பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கடலைமிட்டாயும் கொண்டுபோங்கள். உண்ண மனம் வருகிற உணவுதான் அங்கே சத்தான உணவு.

பனியாறு என்றதும் வெள்ளை வெளேரென்று விரிந்த பரப்பை எதிர்பார்க்காதீர்கள். ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் நீளமுள்ள கங்கோத்ரிப் பனியாற்றின் கீழ்ப்பகுதியைப் பாறைத்துண்டுகளும் மண்ணும் மூடியிருக்கின்றன. கோமுகத்துக்கு மேலே நீங்கள் கடக்கப் போவது பனிக்கட்டியின் மேல் கிடக்கும் கற்குவியல். பார்வைக்குத் திடமாகத் தெரியும் கல் கால் வைத்ததும் உருளும். கற்களுக்கிடையே பனிப்பிளவுகள் திறந்திருக்கும். பனியாறு நகர்ந்துகொண்டும் உருகிக்கொண்டும் இருப்பதால் போன ஆண்டு பாதையாக இருந்த இடம் இந்த ஆண்டு இருக்காது. வழிகாட்டி இல்லாமல் அங்கே காலடி வைக்கக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். வெயில் ஏறியதும் கற்களைப் பிடித்திருக்கும் உறைபனி இளகிச் சரிவுகளிலிருந்து கற்கள் உருளத் தொடங்கும், ஆகாய கங்கை போன்ற ஓடைகளிலும் உருகிய நீர் பிற்பகலில் பெருகும். அதனால் அதிகாலையில் புறப்படச் சொல்வார்கள். குளிரில் எழ மனம் வராது. ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்காகப் பேரம் பேசாதீர்கள். மகனிடம் ஒன்றை உறுதியாக வாங்கிக்கொள்ளுங்கள்: படம் எடுப்பதற்காகக்கூட வழிகாட்டியின் தடத்தைவிட்டு விலகுவதில்லை என்று.

இப்போது அந்தக் கூச்சத்துக்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுவுக்கு மருத்துவராகப் போஜ்பாசாவுக்குப் போயிருந்தேன். காலை உணவின்போது எல்லாரையும் பார்த்து, "அனைவரும் நலமா?" என்று கேட்டேன், அனைவரும் நலம் என்றார்கள். அவர்களில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவருக்கு முந்தைய நாளிலிருந்தே தலைவலி இருந்திருக்கிறது, இரவில் வாந்தியும் எடுத்திருக்கிறார். இளையவர்கள் நடுவே, தன்னால் பயணம் தடைபட்டுவிடக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் அதைச் சொல்லவில்லை. மாலையில் கூடாரத்துக்கு வெளியே அவர் குடித்தவரைப்போல் தள்ளாடியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. மூளையில் நீர் கோக்கத் தொடங்கியிருந்தது. ஆக்சிஜனும், மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்சாமெத்தசோனும் கொடுத்து, நான்கு சுமைதூக்கிகள் இருட்டில் மாறி மாறி அவரை முதுகில் சுமந்து கங்கோத்ரிக்கு இறக்கினார்கள். அவர் பிழைத்தார். ஆனால் பத்துப் பேர் முன்னிலையில் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள் என்பதை உணராமல் அப்படிக் கேட்டது என் தவறு. அன்றுமுதல் ஒவ்வொருவரையும் தனியே அவரவர் கூடாரத்தில் போய்க் கேட்கிறேன். காலையிலேயே அவர் சொல்லியிருந்தால், ஒரு நாள் ஓய்வோ, பகல் வெளிச்சத்தில் தானே நடந்து இறங்குவதோ போதுமானதாக இருந்திருக்கும்.

ஆகவே குழுவுக்கு எது பாரம் என்பதை நீங்கள் தலைகீழாக நினைத்திருக்கிறீர்கள். மெதுவாக நடப்பவரால் ஒரு குழுவுக்கு அரைமணி நேரம் கூடும். மறைப்பவரால் எல்லாருடைய இரவும் ஆபத்துக்குள்ளாகும். தலைவலியோடு குமட்டலோ, பசியின்மையோ, தலைசுற்றலோ, வழக்கத்தை மீறிய அயர்வோ இருந்தால், வேறு காரணம் உறுதியாகத் தெரியாதவரை அது மலைநோய் என்றே கொள்ளுங்கள்; வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு, அறிகுறி தீரும்வரை அதற்கு மேல் ஏறாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சுத் திணறல், விடாத வறட்டு இருமல், நேற்று நடந்த தூரத்தை இன்று நடக்க முடியாத தளர்ச்சி ஆகியவை நுரையீரலில் நீர் கோக்கும் அறிகுறிகள். ஒரு பாதத்தின் முன்னால் மறு பாதத்தைக் குதிகால் ஒட்ட வைத்து நேர்கோட்டில் பத்து அடி நடக்க முடியாவிட்டாலோ பேச்சு குழறினாலோ மூளை பாதிக்கப்பட்டிருக்கலாம். இந்த இரண்டில் எது தோன்றினாலும் விடியும்வரை காத்திருக்காமல் கீழே இறக்க வேண்டும். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் உதவியாக இருக்கும், ஆனால் குளிர்ந்த விரலில் அது பிழையாகக் காட்டும். எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக உடல் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள்.

கங்கோத்ரியில் முதல் நாள் மாலையே வழிகாட்டியைத் தனியாகச் சந்தித்து, உங்கள் வயது, மாத்திரையின் பெயர், மெதுவாக நடப்பவர் என்பது எல்லாவற்றையும் சொல்லுங்கள். அந்தப் பகுதி ஆட்கள் எளிமையான இந்தியில் பேசுவார்கள். தலைவலி, வாந்தி, மூச்சு ஆகியவற்றுக்கான இந்திச் சொற்களைக் கற்றுக்கொண்டு போவதும் ஒரு தயாரிப்பே. சுமைதூக்கிகளையும் விசாரியுங்கள். மலையில் பிறந்தவர்கள் என்பதால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்ற எண்ணம் தவறு. அவர்களும் நோயுறுகிறார்கள், நம்மைவிட அதிகமாக மறைக்கிறார்கள், ஏனென்றால் சொன்னால் அன்றைய கூலி போகும்.

பணம் கட்டிவிட்டீர்கள் என்றாலும் நிறுவனத்திடம் எழுத்தில் பதில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆக்சிஜன் உருளை தபோவனம் வரை வருமா, கங்கோத்ரியிலேயே இருக்குமா? ஒருவரை இறக்க நேர்ந்தால் உடன் செல்ல இரண்டாவது வழிகாட்டி உண்டா? கங்கோத்ரிக்கு மேலே கைப்பேசி வேலை செய்யாது என்ற நிலையில் செய்தி சொல்ல என்ன ஏற்பாடு? வானிலை கெட்டால் திரும்புவதை யார், எந்த நேரத்தில் முடிவு செய்வார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியைப் பெங்களூர்வாசிகளான நாம் கேட்காமல் விடக்கூடாது. 2024 ஜூன் தொடக்கத்தில், இதே உத்தரகாசி மாவட்டத்தின் சஹஸ்ரதால் பாதையில், பெரும்பாலும் இங்கிருந்து சென்றவர்களும் உள்ளூர் வழிகாட்டிகளுமாக 22 பேர் கொண்ட குழு பனிப்புயலில் சிக்கி ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். கங்கோத்ரியிலிருந்து உத்தரகாசி மாவட்ட மருத்துவமனைக்குச் சுமார் 100 கிலோமீட்டர் மலைச்சாலை. உங்கள் மருத்துவக் காப்பீடு இத்தனை உயரத்தில் நடக்கும் மலைநடையையும் ஹெலிகாப்டர் மீட்பையும் ஏற்கிறதா என்பதையும் இப்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள். பல திட்டங்கள் ஏற்பதில்லை.

உங்கள் தந்தைக்காக நீர் கொண்டுவரும் கலசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோமுகத்தின் வாயருகே போய்த்தான் நீர் முகக்க வேண்டும் என்று எண்ணாதீர்கள். அந்தப் பனிச்சுவரிலிருந்து வீடளவு கட்டிகள் முன்னறிவிப்பின்றி விழும். போஜ்பாசாவில் ஓடுவதும் கோமுகத்தில் பிறக்கும் அதே பாகீரதி ஆறுதான். இறங்கும் வழியில், காலை வேளையில், வழிகாட்டி காட்டும் கரையோரத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள். திருகுமூடி உள்ள கலசமாக இருந்தால் பையில் கசியாது. பரிசோதனை முடிவுகள் வந்ததும், ஹீமோகுளோபின், பொட்டாசியம் இரண்டின் அளவையும் உங்கள் மருத்துவர் சொன்னதையும் எழுதுங்கள், நிரலைப் பற்றி மேலும் பேசலாம்.